இரு கட்சிக் கையெழுத்து

வாஷிங்டன்
2019 மார்ச் 4

நீதிபதி எல்மர் லிண்ட்ஹோம் அவர்களுக்கு,

இன்று மார்ச் நான்காம் தேதி. இன்றோடு எனக்கு எழுபத்தொன்பது வயது நிறைகிறது. வாழ்த்தை எதிர்பார்த்து இதைச் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் இருவரில் மூத்தவர் முதலில் எழுதுவதில் மானக்கேடு ஏதுமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். நீங்கள் என்னைவிட ஓராண்டு இளையவர். நாம் சேர்ந்து போன நாடுகளின் குடியேற்ற அதிகாரிகள் அனைவருக்கும் அதை நீங்களே அறிவித்திருக்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சமய சுதந்திர ஆணையத்தை உயிரோடு வைத்திருக்கும் சட்டம் வரும் செப்டம்பரில் காலாவதியாகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், அடுத்த ஐந்தாண்டுகளில் ஆணையம் என்ன செய்யும், எப்படிச் செய்யும், அதை யார் மேற்பார்வையிடுவார்கள் என்று ஒரு திட்டம் வேண்டும் என்கிறது செனட்டின் மேற்பார்வைக் குழு. இப்போதைய உறுப்பினர் ஒன்பது பேரும் மதிய உணவுக்கு என்ன சூப் என்பதில்கூடக் கட்சிவாரியாகப் பிரிந்து நிற்கிறார்களாம். ஆகவே பழைய உறுப்பினர் இருவரை, கட்சிக்கு ஒருவராக, எழுதச் சொல்லலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். புதிய இயக்குநர் பிரிசில்லா ஓக்ஸ் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு யானை, ஒண்ணு கழுதை."

"கழுதை நான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொன்னாங்க மேடம்... கட்சிச் சின்னத்தைச் சொன்னாங்க."

"யானை யாரு?"

"நெப்ராஸ்கா ஜட்ஜ். உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லைன்னு தெரியும். ஆனா சண்டை போட்டுக்கிட்டே வேலையை முடிச்ச ஜோடி நீங்க மட்டும்தானாம்."

வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு பிரிவுகள். இரண்டாம் பிரிவில் நம் பழைய விதியை எழுத்து மாறாமல் வைத்துள்ளேன்: எந்தச் சாட்சியையும், எந்த அதிகாரியையும், இரு கட்சியிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பினர் உடனில்லாமல் சந்திக்கக் கூடாது. அந்த விதியின் பெயரால் பத்தாண்டுகள் உங்கள் சீட்டியொலியைக் காரின் பின்னிருக்கையில் சகித்திருக்கிறேன். விதி நல்ல விதிதான்.

கடிதமாகவே எழுதுங்கள். ஆணையத்துக்காக அனுப்பும் மின்னஞ்சல்கள் எல்லாம் காப்பகத்துக்குப் போகின்றன. நாம் ஒருவரையொருவர் குத்திக்காட்டுவதை வைத்து வருங்காலத்தில் எவரும் முனைவர் பட்டம் வாங்க வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம். குரல் என்று வந்தால் என்னைவிட நீங்கள் வல்லவர். விமானம் ஏற என் இடுப்பு அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் நீங்கள் அழைக்கப்போவதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை.

ஜூன் முதல் தேதிக்குள் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒடெஸ்ஸா விட்லாக்


லிங்கன், நெப்ராஸ்கா
மார்ச் 15

பேராசிரியை அவர்களுக்கு,

உறையின் மேலிருந்த கையெழுத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கண்டுகொண்டதால்தான் சில நாள் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு வேளையும் உப்பு எடுக்கும்போது உங்கள் எழுத்து என்னை முறைத்தது. கடைசியில் உப்பில்லாமல் சாப்பிட முடியாது என்பதால் பிரித்தேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள். எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

வரைவு நன்றாக இருக்கிறது. உங்கள் வாக்கியங்கள் இன்னும் ராணுவ அணிவகுப்பு போலத்தான் நடக்கின்றன. ஐந்து பிரிவுகளுக்கு நான் இன்றே கையெழுத்திடுவேன். நான்காம் பிரிவில் மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். அது சேராவிட்டால் என் கையெழுத்து இல்லை.

நான்காம் பிரிவு, ஆண்டறிக்கையில் நாம் வெளியிடும் பிற நாட்டுச் சிறைவாசிகளின் பட்டியல் பற்றியது. சேர்க்க வேண்டியது இது: 'மனச்சாட்சிக்காகச் சிறையிலிருக்கும் ஒருவரின் பெயரை, அவர் சிறையில் இருக்கும்போதே பட்டியலிலிருந்து நீக்குவதானால், நீக்க வாக்களிக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் காரணத்தைப் பகிரங்கமாக எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.'

ஏன் என்று கேட்கமாட்டீர்கள். தானியாரை உங்களுக்குத் தெரியும். பல் மருத்துவர், தம் வீட்டில் பத்திருபது பேரோடு கூடி ஜெபம் செய்ததற்காகச் சிறைக்குப் போனவர். அவர் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க நானும் நீங்களும் சேர்ந்து போராடினோம். 2010 நவம்பரில் அவருடைய நாட்டுக்குப் போய் அவர் மனைவி சயேராவைச் சந்தித்தோம். நாடு திரும்பி ஆறு மாதம் ஆகவில்லை, அந்த அரசோடு வியாபாரப் பேச்சு தொடங்கியது, வெள்ளை மாளிகையில் அப்போது உங்கள் கட்சி. பெயரை நீக்கும் தீர்மானம் வந்தது. ஐந்துக்கு நான்கு. ஐந்தாவது கை என் பக்கத்து நாற்காலியிலிருந்து உயர்ந்தது.

நடைபாதையில் உங்களை நிறுத்திக் கேட்டேன். "என் ஓட்டுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஜட்ஜ்" என்றீர்கள். மறுவாரம் ராஜினாமா செய்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

2014-இல் தானியார் விடுதலையானார். இப்போது கணவனும் மனைவியும் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். இங்கே அவருக்கு மருத்துவர் உரிமம் இல்லை. ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். சனிக்கிழமை தோறும் வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போகிறார்.

சயேராவை நான் விமான நிலையத்தில் வரவேற்றபோது என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா வரலையா?" என்றார். நீங்கள் வாஷிங்டனில் இருப்பதாகச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிலாவுத் தட்டோடு வந்து நின்று கேட்கிறார்: "ஜட்ஜ் அண்ணா, சண்டை முடிஞ்சுதா?" அவருக்கு இப்போது சிறுநீரகம் கெட்டிருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு.

நம் 2010 பயணத்தை நினைக்கும்போது எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது திரும்பும் நாளில் அந்த ஊர் விமான நிலையம்தான். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போனீர்கள். நான் வெளியே உங்கள் கோட்டுடன் நின்றேன். முந்தைய இரவின் ஆட்டிறைச்சிதான் காரணம் என்றீர்கள். இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்காக அவ்வளவு பயந்தேன். பயந்தது ஒருவருக்காக, ஐந்தாவது கையை உயர்த்தியது இன்னொருவரா?

பிளாட் ஆற்றுக்குப் பெருங்கொக்குகள் வந்துவிட்டன. முன்பெல்லாம் ஒவ்வொரு மார்ச்சிலும் உங்களை அழைப்பேன். "அடுத்த வருஷம்" என்பீர்கள். நான் அழைக்கமாட்டேன் என்று நீங்களாகவே முடிவுகட்டியது தவறு.

எல்மர்


வாஷிங்டன்
மார்ச் 27

நீதிபதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கொக்குகளுக்கு என் வணக்கம்.

நேற்று மேற்பார்வைக் குழுவின் அலுவலர் ஒருத்தி என்னைச் சந்தித்தாள். டியாட்ரி என்று பெயர். நான் கற்பித்த பல்கலைக்கழகத்தில், நான் ஓய்வுபெற்ற பின் படித்தவள் என்பது பேசிய உடனே தெரிந்தது.

"மேடம், உங்க வெற்றியை எப்படி அளக்குறீங்க?"

"அளக்கிறதில்லை."

"அப்போ பட்ஜெட் எப்படிக் கேட்கிறீங்க?"

"கூச்சமில்லாம."

"இல்ல மேடம், திட்டத்துல ஒரு குறியீடு வேணும். உங்களால எத்தனை பேர் விடுதலை ஆனாங்கன்னு..."

"எங்களால விடுதலை ஆனவங்க யாரு, எங்களை மீறி விடுதலை ஆனவங்க யாருன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லு. நாளைக்கே குறியீடு தர்றேன்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். என்னத்தைக் குறித்தாள் என்று தெரியவில்லை.

இப்போது உங்கள் திருத்தம். அதை நான் ஏற்கவில்லை. நம் அறிக்கையை இந்த நாட்டில் முழுதாகப் படிப்பவர்கள் அச்சுப்பிழை திருத்துபவரும் அவருடைய தாயாருமே. ஆனால் எந்தெந்த நாட்டைப் பற்றி எழுதுகிறோமோ அந்தந்த நாட்டுச் சிறைத்துறையில் வரிக்கு வரி படிக்கிறார்கள். ஒரு பெயரை ஏன் எடுத்தோம் என்று பகிரங்கமாக எழுதினால், நாம் யாருக்கு எழுதுகிறோம் என்பதை யோசியுங்கள். சில காரணங்கள் வெளிச்சம் பட்டால் காரணமாக நிற்கா, குற்றப்பத்திரிகையாகிவிடும். முப்பது ஆண்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த உங்களுக்கு இது தெரியாததல்ல. மூடிய அறையில் சாட்சியம் கேட்ட நாள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

2011 வாக்கைப் பற்றி நான் அன்று சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். என் கட்சிக்காகக் கையை உயர்த்தினேன் என்று நீங்கள் எட்டு ஆண்டாக நம்புவதானால், எனக்கு அது வலிக்கிறதா என்று கேட்காமல் தொடர்ந்து நம்புங்கள்.

சயேராவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பேராசிரியை நலமாக இருக்கிறாள், வாயை மட்டும் பத்திரமாக மூடி வைத்திருக்கிறாள் என்று இதே சொற்களில் சொல்லுங்கள். நீங்கள் அழகுபடுத்தக் கூடாது.

இஞ்சிச் சோடாவை நினைவில் வைத்திருக்கிறீர்கள். நானும்.

ஒ. வி.


லிங்கன்
ஏப்ரல் 8

பேராசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடு படித்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பதில் எழுதலாம் என்று வைத்தேன். வாரம் முடிந்தும் கோபம் தீரவில்லை. ஆகவே அதோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் பொதுவாகப் பேசுகிறீர்கள். சிறைத்துறை, வெளிச்சம், குற்றப்பத்திரிகை. நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். போன சனிக்கிழமை தானியார் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜட்ஜ் அண்ணா, அடி ஒரு பெரிய விஷயமில்லை. அடி வாங்குறப்போ எங்கேயோ ஒரு புத்தகத்துல நம்ம பேர் இருக்குங்கிறது ஒரு போர்வை மாதிரி. அந்த வருஷம் வார்டன் வந்து சிரிச்சான். 'டாக்டர், உன் அமெரிக்காக்காரன் உன்னை மறந்துட்டான், புத்தகத்துல நீ இல்லை'ன்னான். அன்னைக்கு ராத்திரிதான் குளிர்ந்தது."

அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பகிரங்கக் காரணம் என்று ஒரு விதி அன்று இருந்திருந்தால், குறைந்தபட்சம் அவர் எதற்காக மறக்கப்பட்டார் என்பதாவது தெரிந்திருக்கும். 'வியாபாரம்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். எதுவுமே எழுதாமல் கையை மட்டும் உயர்த்தினீர்கள்.

உங்கள் செய்தியைச் சயேராவிடம் சொன்னேன், உங்கள் சொற்களிலேயே. ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து களைத்துக் கிடந்தார். கேட்டதும் சிரித்தார், பல வாரமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தானியார் பதறி, "என்ன சொல்லி அனுப்பினாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஏதோ பெண்கள் பேச்சு என்றேன். எனக்கும் புரியவில்லை. சயேரா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, அவங்ககூடப் போய்ச் சண்டை போடுறீங்களே."

நீங்கள் வசியம் செய்பவர் என்று எனக்கு முன்பே தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் செய்கிறீர்கள்.

திருத்தம் இல்லையேல் கையெழுத்து இல்லை. ஆணையம் செப்டம்பரில் சாகுமானால் சாகட்டும். தன் பட்டியலிலுள்ள மனிதனுக்குப் பதில் சொல்ல வக்கில்லாத ஆணையம் இருந்தால் என்ன?

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். விட்டுவைக்கிறேன்.

எல்மர்


வாஷிங்டன்
ஏப்ரல் 19

நீதிபதி அவர்களுக்கு,

இன்று பெரிய வெள்ளி. என் தந்தை மெதடிஸ்ட் போதகர். இந்த நாளில் எவரோடும் வாதாடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தை மதித்துச் சுருக்கமாக எழுதுகிறேன்.

போர்வை பற்றித் தானியார் சொன்னதைப் படித்தேன். பிறகு அன்று முழுவதும் வேறெதையும் படிக்கவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, சொல்லிவிட்டேன்.

உங்கள் திருத்தத்துக்கு நான் உடன்பட முடியாது. உடன்பட முடியாத காரணத்தையும் சொல்ல முடியாது. நீங்களோ விட்டுக்கொடுக்கமாட்டீர்கள். பிரிசில்லாவிடம் வேறொரு கழுதையைத் தேடச் சொல்லிவிட்டேன். "வேற யாரும் இல்லையே மேடம்" என்று அழுதுவிட்டாள். இந்தக் காலத்து இயக்குநர்கள் தொலைபேசியிலேயே அழுகிறார்கள். மே மாத இறுதிவரை யோசிப்பதாகச் சொல்லி வைத்தேன்.

வரைவு எழுதத் தொடங்கியபோது வேலைக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று நம்பினேன். இப்போது தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் உட்காருகிறேன். இடுப்பு வலிக்கு அந்த நாற்காலி உகந்ததல்ல என்று மருத்துவர் சொல்லியும் உட்காருகிறேன். உங்களைப் போல என்னோடு சண்டையிட இந்நகரில் ஒருவரும் இல்லை. என்னோடு எல்லோரும் உடன்பட்டுவிடுகிறார்கள். அவ்வளவு வயதாகிவிட்டது எனக்கு.

ஒ. வி.


லிங்கன்
மே 2

ஒடெஸ்ஸா,

சயேரா போன வெள்ளிக்கிழமை இறந்தார். திங்களன்று அடக்கம்.

எங்கள் லுத்தரன் சபைக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். எங்கள் சபைப் பெண்கள் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார்கள். அவருடைய ஊர்க்காரர்கள் பெரிய அண்டாவில் பிலாவு செய்தார்கள். இரண்டு வரிசையிலும் எல்லோரும் நின்று வாங்கிக்கொண்டார்கள். சயேராவிடம் ஆங்கிலம் கற்ற அகதிப் பெண்கள் அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கூடத்தில் இடம் போதவில்லை.

தானியார் அழவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசினார். "இந்த உலகத்துல என் பேரைச் சொல்லச் சொல்லி எல்லார் கதவையும் தட்டினவ இவதான்" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தக் கூட்டத்தின் நடுவே, வாயைத் திறந்தபடி. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

இறப்பதற்கு முந்தின நாள் சயேரா என்னை மட்டும் கூப்பிட்டார். தானியாரைச் சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணா, அக்காகிட்டச் சொல்லுங்க. இனிமே வாக்கு இல்லை. உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடச் சொல்லுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எல்லாத்தையும்" என்றார் மறுபடி. அப்போது அவர் முகத்தில் குறும்பு இருந்தது. சாகும் பெண்ணின் முகத்தில் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

என்ன வாக்கு? எனக்குத் தெரியாமல் அவருக்கும் உங்களுக்கும் இடையில் என்ன இருக்க முடியும்? அந்த நாட்டில் நான் உடனில்லாமல் நீங்கள் அவரை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லையே. விதி அப்படி. நீங்கள் விதியை மீறுபவர் அல்ல.

திட்டத்தைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. கொக்குகளும் வடக்கே போய்விட்டன. வயல் வெறுமையாகக் கிடக்கிறது.

எல்மர்


வாஷிங்டன்
மே 11

அன்புள்ள எல்மர்,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று என் தந்தை இழவு வீட்டில் பாடும் துதிப்பாட்டை ஒருமுறை பாடினேன். குரல் கேவலமாக இருந்தது. பிறகு எழுத உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்த பின் இது.

நம் விதி நல்ல விதி. எந்த அறையிலும் இருவர் இருக்க வேண்டும். அதை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆகவே ஓர் அறை அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அந்த விமான நிலையத்தில் எனக்கு வயிற்று வலி எதுவும் இல்லை. ஆட்டிறைச்சி அருமையாக இருந்தது. அதன்மேல் எட்டு ஆண்டாக வீண்பழி. வழியனுப்ப வந்த சயேரா நம்மிடம் விடைபெறும்போது என் கையை இரண்டு முறை அழுத்திவிட்டு, கண்ணால் பெண்கள் கழிப்பறைக் கதவைக் காட்டினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உங்களிடம் கோட்டைக் கொடுத்தேன். அவர் வெளிவாசல்வரை போய், சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார்.

வந்ததும் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் பேசினோம்.

"அக்கா, உங்க புத்தகத்துலேருந்து அவர் பேரை எடுத்துடுங்க."

"பேரைப் போடத்தானே நீங்க கேட்டீங்க?"

"கேட்டேன். இப்போ எடுக்கக் கேக்கறேன். ஒவ்வொரு வருஷமும் உங்க புத்தகம் வந்ததும் அவரைக் கீழ் அறையில போடுறாங்க. வெளிச்சம் கிடையாது. போன தடவை வெளியே வந்தப்போ என்னையே அவருக்கு அடையாளம் தெரியல."

"அவர் என்ன சொல்றார்?"

"சத்தமா சொல்லச் சொல்றார். உலகம் பூரா கேட்கணுங்கிறார். அவர் தைரியசாலி. எனக்குத் தைரியம் வேணாம் அக்கா. ஆள் வேணும்."

நான் அரசியல் சட்டம் கற்பித்தவள். கைதியின் விருப்பமா, மனைவியின் விருப்பமா என்பதற்கு என்னிடம் இரண்டு பக்கமும் வாதம் இருந்தது. வாதத்துக்கு அங்கே நேரம் இல்லை. குழாயில் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தது. சரி என்றேன்.

அப்போதுதான் வாக்குக் கேட்டார். தாம் உயிரோடு இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியக் கூடாது. கணவருக்கு என்றைக்குமே தெரியக் கூடாது.

"வெளியே நிக்கிற ஜட்ஜுக்குமா?"

"முதல்ல அவருக்குத்தான் தெரியக் கூடாது. அவர் மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கே அக்கா. நேத்து நான் பேசும்போது கண்ணைத் துடைச்சார். பக்கத்துல மொழிபெயர்க்கன்னு அரசாங்கம் உக்கார வெச்சிருந்தவன் அதைக்கூடக் குறிச்சுக்கிட்டான்."

நீங்களே சொல்லுங்கள், நான் எப்படி மறுப்பேன்? உங்கள் முகத்தை எனக்குத் தெரியாதா? நடைபாதையில் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்டபோது ஒரு சொல் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் உங்கள் முகம் வழியாக ஒரே மாதத்தில் அந்தச் சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் தெரியும். ஆகவே உங்களைப் போகவிட்டேன். வியாபாரத்துக்காகக் கையுயர்த்திய நால்வரோடு, வேறு காரணத்துக்காக நானும் உயர்த்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தானியார் விடுதலையானது நம் மௌனத்தாலா, வியாபாரத்தாலா, அல்லது சிறைக் கண்காணிப்பாளருக்கு அந்தக் குளிர்காலத்தில் கடைவாய்ப் பல் வலித்து, பல் மருத்துவர் ஒருவர் கீழ் அறையில் கிடப்பது வீண் என்று தோன்றியதாலா, தெரியாது. டியாட்ரியின் குறியீட்டில் இதற்குக் கட்டமில்லை. போர்வையைப் பறித்தேன் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. இதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குழாய்கள் மறுபடி ஓடினால் மறுபடியும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் குளிர் யாருக்குப் போனது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது நியாயம், தெரிவித்ததற்கு நன்றி.

தானியாரிடம் சொல்லாதீர்கள். கதவுகளையெல்லாம் தட்டிய மனைவியாகவே சயேரா அவர் நினைவில் இருக்கட்டும். சனிக்கிழமைகளில் அவர் உங்கள் வாயைத் திறக்கச் சொல்லும்போது கவனமாக இருங்கள். பல்லை மட்டும் பார்க்கட்டும், முகத்தைப் பார்க்க விடாதீர்கள்.

இப்போது நான்காம் பிரிவு. உங்கள் திருத்தம் அன்று நடைமுறையில் இருந்திருந்தால் சயேரா அந்தக் கதவைக் கண்ணால் காட்டியிருக்கமாட்டார். ஆனால் என் வழியும் சரியில்லை. காரணம் ஒருத்தியிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் எட்டு ஆண்டுகளே சாட்சி. ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்: 'பெயரை நீக்கும் காரணம் இரு கட்சியிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் கூறியவர் வேண்டிக்கொண்டால், அது எழுதப்படவோ மூன்றாமவரிடம் சொல்லப்படவோ கூடாது.' அடுத்து வருகிறவளுக்கு முகத்தை மறைக்கத் தெரிந்த ஜோடி கிடைக்க வேண்டும் என்று விதியில் எழுத முடியாது. அதை அவளுடைய அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அதன் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.

கொக்குகள் மறுபடி மார்ச்சில்தான் வரும் என்று நினைக்கிறேன். சிகாகோ வழியாக லிங்கனுக்கு ரயில் இருப்பதாகப் பிரிசில்லா விசாரித்துச் சொன்னாள். ரயிலைப் பற்றி என் இடுப்பு இதுவரை கருத்துத் தெரிவிக்கவில்லை.

சயேரா "எல்லாத்தையும்" என்று இரண்டாம் முறை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். குறும்போடு சொன்னார் என்றும். வாக்கு முடிந்தாலும் நான் அரைகுறையாகத்தான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மீதி.

குழாய்களை மூடிய பிறகு அவர் கதவை விரல் அளவு திறந்து வெளியே பார்த்தார். நீங்கள் என் கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, தரையில் படாமல், கதவையே பார்த்தபடி நின்றிருந்தீர்கள்.

"அக்கா, நேத்துலேருந்து கேட்கணும்னு இருந்தேன். அவர் உங்க வீட்டுக்காரரா?"

எனக்குக் கணவர் என்று எவரும் இருந்ததில்லை. உங்கள் மனைவி இங்க்ரிட் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீங்கள் எதிர்க்கட்சி உறுப்பினர், விதிப்படி என்னுடன் அனுப்பப்பட்டவர் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை, சொல்வதற்கு எளிதும்கூட.

ஆமாம் என்று சொன்னேன், எல்மர்.

ஒடெஸ்ஸா